தூதரகம் இல்லாத தூது!



ஸ்ரீபெரும்புதூர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? "ராமானுஜர் அவதரித்த தலம்" என்பார் பாட்டி. "ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கும் ஊர்" என்பார் அப்பா. "எங்கள் அக்கா வேலைக்குப் போகிற ஊர்" என்று உங்களில் பலர் சொல்வீர்கள்.

பொழுது விடியும் முன்பே சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் சாலைகளில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாக அக்காமார்கள் அவற்றில் வந்து இறங்குவார்கள். அவர்களில் பல ஆயிரம் பேர் செல்போன் பூட்டும் வேலை பார்க்கிறார்கள். அந்தச் செல்போன் கம்பெனி எந்த ஊர்க் கம்பெனி தெரியுமா? தைவான் என்ற தீவைச் சேர்ந்தது.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. இந்தியாவுக்கும் தைவானுக்கும் இடையே தூதரக உறவு கிடையாது. டில்லியில் தைவான் தூதரகம் என்று ஒரு கட்டடம் இல்லை. தைவானின் தலைநகரான தைபேயில் இந்தியத் தூதரகமும் இல்லை. அப்படியானால் அந்தக் கம்பெனி இங்கே எப்படி வந்தது? அதன் இன்ஜினியர்களுக்கு விசா கொடுப்பது யார்? இங்கிருந்து அங்கே படிக்கப் போகும் அண்ணன்மார் யாரிடம் விண்ணப்பிக்கிறார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

தூதர் என்ன செய்வார்?

தூது நமக்குப் புதிதல்ல. அதியமான் நெடுமான் அஞ்சிக்காக, காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். போரைத் தவிர்க்க ஒரு புலவர் தூது வந்தது நம் காஞ்சிபுரம் பக்கம்தான்! திருக்குறளில் 'தூது' என்று ஒரு தனி அதிகாரமே உண்டு. அது 69-ஆம் அதிகாரம்.

இன்றைய தூதர்களுக்கும் ஏறக்குறைய அதே வேலைதான். தம் நாட்டுக்காகப் பேசுவது, ஒப்பந்தம் செய்வது, விசா வழங்குவது, அயல்நாட்டில் சிக்கிக்கொண்ட தம் மக்களுக்கு உதவுவது. தலைநகரில் இருப்பது தூதரகம். மற்றப் பெரிய நகரங்களில் இருப்பது துணைத் தூதரகம். சென்னையில் அண்ணா மேம்பாலத்தின் அருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தைப் பார்த்திருப்பீர்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலைக்கு 1996-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1998-இல் கார் வெளிவந்தது. அது தென்கொரிய நிறுவனம். தென்கொரியாவுக்குச் சென்னையில் துணைத் தூதரகம் உண்டு. ஒரகடத்தில் 2010-இல் தொடங்கிய ரெனோ-நிசான் தொழிற்சாலையில் பிரான்சும் ஜப்பானும் கைகோத்தன. ஜப்பானுக்குச் சென்னையிலும் பிரான்சுக்குப் புதுச்சேரியிலும் துணைத் தூதரகங்கள் உண்டு. தைவானுக்கு மட்டும் அது கிடையாது. ஏன் என்று தெரிந்துகொள்ள, முதலில் அந்தத் தீவுக்குப் போவோம்.

தைவான் எங்கே இருக்கிறது?

உலகப் படத்தில் சீனாவின் தென்கிழக்கே, கடலில் ஒரு புகையிலையின் வடிவத்தில் ஒரு தீவு தெரியும். அதுதான் தைவான். பரப்பு சுமார் 36,000 சதுர கி.மீ. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கி.மீ. என்பதால், தமிழ்நாட்டில் கால் பங்கைவிடச் சற்றுப் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் தொகை சுமார் 2 கோடியே 30 லட்சம்.

சிறிய தீவாக இருந்தாலும் அங்குள்ள யூஷான் சிகரம் 3,952 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான்! தீவைக் கண்ட போர்ச்சுக்கீசிய மாலுமிகள் 'ஃபார்மோசா' என்று பெயர் வைத்தார்கள். 'அழகிய தீவு' என்று பொருள்.

தைவானுக்கும் சீனாவுக்கும் நடுவே உள்ள கடல், தைவான் நீரிணை. அதன் மிகக் குறுகிய இடம் ஏறக்குறைய 130 கி.மீ. சென்னையிலிருந்து வேலூர் போகும் தூரம். அந்தக் கடலில்தான் உலகத்தின் பெரிய சிக்கல்களில் ஒன்று இருக்கிறது.

ஒரு நாடு, இரண்டு அரசுகள்

1895-இல் நடந்த போரில் தோற்ற சீனா, தைவானை ஜப்பானுக்கு விட்டுக்கொடுத்தது. ஐம்பது ஆண்டுகள் அது ஜப்பானின் கையில் இருந்தது. அப்போது தைபேயின் ஜப்பானியப் பெயர் தைஹோகு. 1945 ஆகஸ்ட் 18 அன்று நேதாஜி சென்ற விமானம் விபத்துக்குள்ளானது என்று வரலாற்றில் படிப்பீர்கள் அல்லவா? அந்த ஊர் இதுதான். (நேதாஜி அந்த விபத்தில் இறந்தாரா என்பதில் கருத்து வேறுபாடும் உண்டு.)

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றதும் 1945-இல் தைவான் 'சீனக் குடியரசு' அரசின் கைக்கு வந்தது. அந்த அரசின் தலைவர் சியாங் கை ஷேக். அவர் 1942-இல் இந்தியாவுக்கு வந்து நேருவையும் காந்தியடிகளையும் சந்தித்தவர்.

ஆனால் சீனாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. மா சே துங்கின் கம்யூனிஸ்ட் கட்சி வென்றது. 1949 அக்டோபர் 1 அன்று பெய்ஜிங்கில் 'சீன மக்கள் குடியரசு' அறிவிக்கப்பட்டது. சியாங் கை ஷேக் தம் அரசோடும் படையோடும் தைவானுக்குப் போய்விட்டார்.

இப்போது பெய்ஜிங்கில் ஓர் அரசு, தைபேயில் ஓர் அரசு. இரண்டும் "நான்தான் உண்மையான சீனா" என்றன. மற்ற நாடுகளுக்குத் தர்மசங்கடம்! ஒன்றைத்தான் ஏற்க முடியும் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டன.

இந்தியா 1949 டிசம்பர் 30 அன்று பெய்ஜிங் அரசை ஏற்றது. அப்போது நம் தூதராக இருந்தவர் கே.எம்.பணிக்கர். பழைய அரசிடமும் அவர்தான் இந்தியத் தூதர். புதிய அரசிடமும் அவரே தூதராகப் போனார்!

ஐ.நா. சபையில் சீனாவின் இருக்கை மட்டும் 1971 வரை தைபே அரசிடமே இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 25 அன்று ஐ.நா. வாக்கெடுத்து, இருக்கையைப் பெய்ஜிங்குக்குக் கொடுத்தது. 1972-இல் ஜப்பானும், 1979-இல் அமெரிக்காவும் தூதரகத்தைப் பெய்ஜிங்குக்கு மாற்றின.

நான்கு கூறுகளும் இருக்கின்றன, ஆனால்...

குடிமையியல் பாடத்தில் அரசின் கூறுகள் நான்கு என்று படித்திருப்பீர்கள். மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை. தைவானை இதில் வைத்துப் பாருங்கள்.

மக்கள் இருக்கிறார்கள். நிலம் இருக்கிறது. அரசாங்கம் இருக்கிறது. அங்கே 1987 வரை ராணுவச் சட்டம் நடந்தது. 1996 முதல் மக்களே நேரடியாக வாக்களித்துக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தனிப் பணம், தனிப் படை, தனிப் பாஸ்போர்ட் எல்லாம் உண்டு. நான்காவது கூறில்தான் வழக்கு. "தைவான் எங்கள் மாகாணம்" என்கிறது சீனா. "எங்களை நாங்களே ஆள்கிறோம்" என்கிறது தைவான். தைவான் மக்களிடம் எடுக்கும் கருத்துக் கணிப்புகளில் பெரும்பாலோர், "இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று சொல்கிறார்கள்.

2024 ஜனவரியில் நவ்ரு என்ற பசிபிக் தீவு விலகிய பிறகு, தைவானோடு முழுத் தூதரக உறவு வைத்திருந்தவை 12 நாடுகள் மட்டுமே. பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகள், பலாவ், துவாலு. அமெரிக்கக் கண்டங்களின் பக்கம் குவாத்தமாலா, பெலிஸ், ஹைட்டி, பராகுவே, செயின்ட் லூசியா, செயின்ட் கிட்ஸ்-நெவிஸ், செயின்ட் வின்சென்ட். ஆப்பிரிக்காவில் எஸ்வாத்தினி ஒன்றே ஒன்று. ஐரோப்பாவில் வாட்டிகன் ஒன்றே ஒன்று.

இந்தப் பன்னிரண்டில் பல, வரைபடத்தில் தேடினாலும் சட்டென்று கிடைக்காத சின்னஞ்சிறு நாடுகள். ஆனால் தைவானுக்கு அவை மிகவும் முக்கியம். அவைதாம் ஐ.நா. சபையில் எழுந்து தைவானுக்காகப் பேசும். அதனால் அந்த நாடுகளின் விவசாயத்துக்கும் மருத்துவத்துக்கும் தைவான் உதவி செய்கிறது. சீனாவும் உதவிகளைக் காட்டி அவற்றைத் தன் பக்கம் அழைக்கிறது.

பெயரை மாற்றினால் கதவு திறக்கும்!

பன்னிரண்டு நாடுகளை வைத்துக்கொண்டு வாணிபம் செய்ய முடியுமா? விளையாட முடியுமா? அதற்குத் தைவான் ஒரு வழி கண்டுபிடித்தது. உள்ளே போக வேண்டுமானால், வாசலில் வேறு பெயர் சொல்லிக்கொள்வது!

டோக்கியோ ஒலிம்பிக் நினைவிருக்கிறதா? 2021-இல் நடந்தது. மகளிர் பாட்மின்டன் அரையிறுதியில் நம் பி.வி.சிந்துவை வென்றவர் தாய் சு யிங். அவர் தைவான்காரர். ஆனால் பலகையில் 'தைவான்' என்று எழுதவில்லை. 'சீனத் தைபே' என்று எழுதியிருந்தது. 1981-இல் ஒலிம்பிக் குழுவோடு செய்த உடன்பாடு அது. தைவானின் கொடியும் அங்கே பறக்காது. ஐந்து இதழ்ப் பூவும் ஒலிம்பிக் வளையங்களும் உள்ள வெள்ளைக் கொடிதான் பறக்கும். லீ யாங், வாங் சி லின் என்ற இருவர் ஆடவர் இரட்டையர் பாட்மின்டனில் 2021-இலும் 2024-இலும் தங்கம் வென்றார்கள். அப்போதும் ஏறியது அந்தப் பூக்கொடிதான்.

2002 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பில் தைவான் சேர்ந்தது. அங்கே அதன் பெயர் என்ன தெரியுமா? 'தைவான், பெங்கு, கின்மென், மாட்சு தனிச் சுங்கப் பகுதி.' ஒரு மூச்சில் சொல்லிப் பாருங்கள்! உலக சுகாதார அமைப்பின் மாநாட்டில் 2009 முதல் 2016 வரை பார்வையாளராக உட்கார இடம் கிடைத்தது. அதன்பின் அந்த நாற்காலியும் கிடைக்கவில்லை.

'தூதரகம்' என்று சொல்லாத தூதரகம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்தியாவும் தைவானும் 1995-இல் ஒரு முடிவுக்கு வந்தன. தைபேயில் இந்தியா ஓர் அலுவலகம் திறந்தது. பெயர், 'இந்தியா - தைபே சங்கம்'. டில்லியில் தைவான் ஓர் அலுவலகம் திறந்தது. பெயர், 'தைபே பொருளாதார, பண்பாட்டு மையம்'. 2012-இல் அந்த மையத்தின் கிளை ஒன்று சென்னையிலும் வந்தது. 2024-இல் மும்பையிலும் வந்தது.

பெயர்களைக் கவனியுங்கள். எதிலும் 'தூதரகம்' இல்லை. 'தைவான்' என்ற சொல்லும் இல்லை. ஊரின் பெயர்தான் இருக்கிறது. இந்தியா அனுப்பும் தலைவர் வெளியுறவுத் துறை அதிகாரிதான். ஆனால் அவருக்குத் 'தூதர்' என்ற பட்டம் கிடையாது. 'தலைமை இயக்குநர்' என்றுதான் சொல்வார்கள்.

பெயர்தான் இல்லையே தவிர, வேலை எல்லாம் நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு வரும் தைவான் இன்ஜினியர், தைபேயில் உள்ள சங்கத்தில் இந்திய விசா வாங்குகிறார். தைவான் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகும் நம் ஊர் மாணவர், சென்னையில் உள்ள மையத்தில் விசா வாங்குகிறார். உதவித்தொகையோடு அங்கே ஆராய்ச்சி செய்யும் தமிழ் மாணவர்களும் இருக்கிறார்கள். அங்கே தமிழ்ச் சங்கமும் உண்டு!

2018-இல் முதலீட்டு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. 2024 பிப்ரவரியில், இந்தியத் தொழிலாளர்கள் தைவானுக்கு வேலைக்குப் போக ஓர் உடன்பாடு ஆனது. 2021 மே மாதம், கொரோனாவால் நாம் மூச்சுத் திணறியபோது 150 ஆக்சிஜன் செறிவூட்டிகளும் 500 ஆக்சிஜன் சிலிண்டர்களும் தைவானிலிருந்து வந்து இறங்கின. உறவுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் உதவிக்குக் குறைவில்லை.

திருகுக் குமிழிலிருந்து செல்போன் வரை

1974-இல் டெர்ரி கூ என்பவர் தைவானில் ஒரு சிறிய பட்டறை வைத்தார். கருப்பு-வெள்ளை டி.வி.யில் அலைவரிசையை மாற்றத் திருகுவோமே, அந்தப் பிளாஸ்டிக் குமிழ்தான் அங்கே முதலில் செய்தார்கள். நிறுவனத்தின் பெயர் ஹோன் ஹாய். உலகம் அதை ஃபாக்ஸ்கான் என்று அழைக்கிறது.

2006-இல் பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்கத் தொடங்கியது. அதற்குப் பாகங்கள் செய்து கொடுக்க ஃபாக்ஸ்கானும் அதே வளாகத்துக்கு வந்தது. வரி வழக்கு, நிறுவனம் கைமாறியது எனப் பல காரணங்களால் 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. அதை ஒட்டி அங்கிருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் மூடியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்துப் போயின. அந்த நாட்களைப் பற்றி வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பிறகு காற்று திரும்பியது. 2019-இல் சுங்குவார்சத்திரம் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்யத் தொடங்கினார்கள். 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய விடுதியை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் அன்று வந்திருந்தார். அதே ஆண்டு அவருக்கு இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. தூதரக உறவு இல்லாத தீவிலிருந்து வந்தவருக்குப் பத்மபூஷண்!

காலணித் தொழிலும் வந்திருக்கிறது. செய்யாறு சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் ஆலையில் விளையாட்டுக் காலணிகள் தயாராகின்றன.

கயிற்றின் மேல் நடை

இதெல்லாம் கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடப்பது போன்றது.

லிதுவேனியா என்ற ஐரோப்பிய நாட்டில் 2021-இல் தைவான் ஓர் அலுவலகம் திறந்தது. பெயரில் 'தைபே' என்று போடாமல் 'தைவான்' என்று போட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காகச் சீனா, லிதுவேனியாவோடு இருந்த உறவின் தரத்தையே குறைத்துவிட்டது. 2024 ஜூனில் நம் பிரதமர் மோடியின் தேர்தல் வெற்றிக்குத் தைவான் தலைவர் லாய் சிங் தே வாழ்த்துச் சொன்னார். பிரதமர் நன்றி சொன்னார். அதற்கும் சீனா ஆட்சேபம் தெரிவித்தது. வாழ்த்துக்கு நன்றி சொல்வதிலும் இவ்வளவு இருக்கிறது!

2022 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் நான்சி பெலோசி தைபேக்குப் போய் வந்ததும், தீவைச் சுற்றிச் சீனா பெரிய போர்ப் பயிற்சி நடத்தியது. அந்தக் கடலில் சண்டை வந்தால் யாருக்கு நஷ்டம்? முதலில் அந்த இரு கரை மக்களுக்கு. அடுத்து, உலகம் முழுவதற்கும். செல்போன், கம்ப்யூட்டர், கார் எல்லாவற்றுக்கும் மூளையாக இருக்கும் உயர்ரகச் சிப்களில் பெரும்பகுதி தைவானில்தான் தயாராகிறது. சிப் வராவிட்டால் இங்கே போனைப் பூட்ட முடியுமா? காருக்குச் சாவி போட முடியுமா? ஒரகடத்தில் ஷிப்ட் நின்றுபோகும்.

எனவே, பிள்ளைகளே, அயலுறவு என்பது ஏதோ டில்லியில் பெரிய மனிதர்கள் பேசும் விஷயம் என்று எண்ணாதீர்கள். அக்காவின் சம்பளம், தம்பியின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கூரை எல்லாம் அதில் தொங்குகின்றன.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். சீனாவிலும் தைவானிலும் வாழ்கிறவர்கள் நம்மைப் போன்ற மக்களே. யூசி என்ற தைவான் கவிஞர் திருக்குறளைச் சீன மொழியில் பெயர்த்திருக்கிறார். பாரதியார், பாரதிதாசன் கவிதைகளையும் பெயர்த்திருக்கிறார். அந்த எழுத்தைத் தைபேயில் இருக்கும் பிள்ளையும் படிக்கலாம்; பெய்ஜிங்கில் இருக்கும் பிள்ளையும் படிக்கலாம். வள்ளுவரும் ஒரு தூதர்தான் போலிருக்கிறது. அவருக்கு விசா தேவைப்படவில்லை!

செய்து பாருங்கள்

1. உலக வரைபடத்தில் தைவானோடு தூதரக உறவு உள்ள 12 நாடுகளையும் குறியுங்கள். எவை தீவுகள்?

2. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஐந்து தொழிற்சாலைகள் எந்தெந்த நாட்டைச் சேர்ந்தவை என்று கேட்டு எழுதுங்கள். அந்த நாடுகளுக்குச் சென்னையில் துணைத் தூதரகம் உண்டா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

3. தைவான் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். ஒரகடத்தில் காலை 6 மணி ஷிப்ட் தொடங்கும்போது தைபேயில் மணி என்ன?

(மூன்றாம் கேள்விக்கு விடை: காலை 8.30)